எழுபது வயதும் நாலு தொன் வண்டியும்



இங்கிலாந்தில் மோட்டார் ஹோம் வைத்திருக்கும் ஒரு பெரியவரின் லைசன் பிரச்சினையைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். நம்மட ஊரில் லண்டன் பக்கம் சொந்தக்காரர் இல்லாத வீடு குறைவு. எழுபது வயதை நெருங்கியும் வாகனம் ஓட்டும் வாப்பாவோ மாமாவோ இல்லாத வீடு அதைவிடக் குறைவு. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

என் உம்மாவின் மூத்த காக்கா 1984 இல் லெஸ்டருக்குப் போனவர். அங்கே போய் இரண்டு வருடத்தில் கார் ஓட்டும் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினார். தொழிற்சாலையில் இரவு வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கினார். பென்ஷன் எடுத்த பிறகு, சேர்த்து வைத்த காசில் பழைய மோட்டார் ஹோம் ஒன்று வாங்கினார். வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் இருக்கும். மாமிக்கு அதில் பெரிய சந்தோசம். ஸ்கொட்லாந்துக்குப் போனாலும் ஹலால் கடை தேடி அலையத் தேவையில்லை. ஏரிக்கரையில் நிறுத்தி, தன் கையாலேயே கோழிக்கறி ஆக்கலாம். வுழூவுக்குத் தண்ணீரும் கூடவே வரும். அந்த வண்டியை மாமி "நம்மட சின்ன ஊடு" என்றுதான் சொல்வா.

மாமாவுக்கு எழுபது வயது ஆவதற்கு மூன்று மாதம் இருக்கும்போது லைசன் புதுப்பிக்கச் சொல்லி ஒரு படிவம் வந்தது. அங்கே எழுபதில் எல்லோருடைய லைசனும் காலாவதியாகும். அதன்பின் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை. கார் மட்டும் ஓட்டுபவர் ஒன்லைனில் சில நிமிடத்தில் முடித்துவிடலாம். மோட்டார் ஹோம் வைத்திருப்பவருக்குத்தான் சிக்கல்.

அதற்குக் காரணம் இதுதான். 1997 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முன் பிரிட்டனில் கார் பரீட்சையில் பாஸ் பண்ணியவர்களுக்கு, கேட்காமலேயே இன்னொரு உரிமையும் லைசனில் சேர்ந்து வந்தது. அதன் பெயர் சி1. அது இருந்தால் 7,500 கிலோ வரையான வண்டியை ஓட்டலாம். அந்தத் திகதிக்குப் பின் பாஸ் பண்ணியவர்களுக்குக் கிடைப்பது பி வகுப்பு மட்டும். அதற்கு எல்லை 3,500 கிலோ. மேலே போக வேண்டுமென்றால் மருத்துவப் பரிசோதனையும் தனிப் பரீட்சையும் வேண்டும்.

மாமாவின் வண்டி 4,000 கிலோ. இது தராசில் ஏற்றிப் பார்க்கும் நிறையல்ல. சாமான், ஆட்கள், தண்ணீர் எல்லாம் ஏற்றி அதிகபட்சம் எவ்வளவு வரலாம் என்று வண்டியில் அடித்திருக்கும் தகட்டில் உள்ள அளவு. சட்டம் பார்ப்பது அந்தத் தகட்டைத்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மாமாவின் மருமகனுக்கு வயது 38. 2009 இல் இங்கிருந்து போனவர். இலங்கை லைசனை அங்கே நேரடியாக மாற்றிக்கொள்ள முடியாது என்பதால் புதிதாகப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினார். அவரிடம் இருப்பது பி மட்டும். அந்த வண்டியை அவர் ஓட்டினால் சட்டவிரோதம். காப்புறுதியும் கைவிட்டுவிடும். எழுபதை நெருங்கும் மாமாவுக்குத்தான் அனுமதி!

ஆனால் எழுபதில் அந்தச் சி1 தானாகத் தொடராது. வேண்டுமென்றால் நாமாகக் கேட்க வேண்டும். ஒன்லைனில் கேட்க முடியாது. டி2 என்ற விண்ணப்பத்தோடு டி4 என்ற மருத்துவ அறிக்கையும் போக வேண்டும். அதை வைத்தியர் நிரப்ப வேண்டும். செலவு நம்முடையது. இவை இல்லாமல் சாதாரணமாகப் புதுப்பித்தால் கையில் மிஞ்சுவது 3,500 கிலோ லைசன்தான். இந்த விசயம் தெரியாமல், புது லைசன் வந்துவிட்டதே என்று பழையபடி பெரிய வண்டியில் ஏறிவிட வாய்ப்புண்டு. உங்கள் சொந்தக்காரர் யாராவது அங்கே இந்த வயதில் இருந்தால் தயவுசெய்து இதைச் சொல்லி வையுங்கள்.

மாமாவின் மகள், என் மச்சி, வட்ஸ்அப்பில் படிவத்தின் படத்தை அனுப்பி, "நீ பேசிப் பாரு. வாப்பா நான் சொன்னாக் கேக்க மாட்டார்" என்றாள். நாற்பது வருடம் அங்கே இருந்தவருக்கு ஆங்கிலப் படிவம் விளங்காமல் இல்லை. அதைக் கையில் எடுக்க மனமில்லை.

நான் கோல் எடுத்தபோது மாமா சொன்னார்: "மகள், நாப்பது வருசமா ஒரு எக்சிடன்ட் இல்ல. இப்ப டொக்டர்ர வாசல்ல போய் நிண்டு, நான் ஓட்டலாமா எண்டு கேக்கச் சொல்றாங்க. வண்டிய வித்துப் போடுறன்."

"விக்கிறதெண்டா வில்லுங்க மாமா. ஆனா டெஸ்டுக்குப் பயந்து வித்ததா இருக்கப்படாது" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இன்னொரு வழியும் இருந்தது. வண்டியின் பதிவு நிறையை 3,500 கிலோவாகக் குறைத்துக்கொள்வது. அங்கே பலர் அப்படிச் செய்கிறார்கள். மாமாவும் நானும் போனிலேயே கணக்குப் போட்டோம். வெறும் வண்டி 3,200 கிலோ. மிஞ்சுவது 300. மாமாவும் மாமியும் சேர்ந்து 150. தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ, தொட்டி 100 லீற்றர். மிச்சம் 50 கிலோவுக்குள் கேஸ் சிலிண்டர், உடுப்பு, சட்டிபானை, அரிசி, கதிரை எல்லாம் அடங்க வேண்டும். "உங்க மாமிட மசாலாப் போத்தலே அம்பது கிலோ வரும்" என்று மாமா சிரித்தார். ஆக அதுவும் சரிவரவில்லை. பிறகுதான் வைத்தியரிடம் போகச் சம்மதித்தார்.

பரிசோதனையில் பிரஷர் பரவாயில்லை. சீனி வருத்தம் குளிசையில் கட்டுப்பாட்டில் இருந்தது. கண்தான் நின்றது. கார் ஓட்டுபவர் 20 மீற்றர் தூரத்தில் உள்ள இலக்கத் தகட்டை வாசிக்க வேண்டும். கண் வைத்தியர் அட்டையில் 6/12 பார்வை இருந்தால் போதும். சி1 க்கு நல்ல கண் கண்ணாடியோடு 6/7.5 ஆவது இருக்க வேண்டும். மாமாவின் நல்ல கண்ணில் 6/9. மற்றதில் கண்புரை நன்றாகவே படர்ந்திருந்தது. நல்ல கண்ணிலும் தொடங்கியிருந்தது. அவருக்கே தெரியாது. இரவில் எதிரே வரும் வண்டிகளின் வெளிச்சம் கூசுவதை, "இப்பத்தைய லைட்டுகள் அப்பிடி" என்று லைட்டின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

இப்போது மாமாவிடம் இருப்பது கார் லைசன். மோட்டார் ஹோம் வீட்டு வாசலில் நிற்கிறது. கண் சத்திரசிகிச்சைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். பார்வை தேறினால் மறுபடியும் டி4 நிரப்பி சி1 கேட்கலாம். தேறாவிட்டால் வண்டியை விற்க வேண்டியதுதான். மாமி அதைப் பற்றிப் பேசுவதே இல்லையாம். வாசலில் நிற்கும் வண்டிக்குள் போய்க் கூட்டித் துடைத்துவிட்டு வருகிறாவாம். மச்சி இதைச் சொன்னபோது எனக்கும் மனம் கனத்தது.

ஆனாலும் எனக்கு இது நல்ல சட்டமாகத்தான் படுகிறது. கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், கணிப்பீடு என்பது பிள்ளையை மடக்குவதற்கல்ல, பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று அறிவதற்கு என்பது. வகுப்பில் இதைத் தினமும் சொல்கிறோம். வீட்டில் ஒரு மூத்தவருக்கு வந்தால் மட்டும் அவமானம் என்கிறோம். நாலு தொன் வண்டிக்கு நாற்பது வருட அனுபவம் மட்டும் போதாது. இன்றைய கண்ணும் வேண்டும். மாமாவிடம் "உங்களுக்கு ஏலாது" என்று சொல்ல மகளாலும் முடியவில்லை, மருமகனாலும் முடியவில்லை. ஒரு படிவம் சொன்னது. யாருடைய முகமும் முறியவில்லை.

இப்போது நம்மட பக்கம் வருவோம். இங்கே லைசன் எடுக்கவும் புதுப்பிக்கவும் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் வேண்டும். அது நல்ல விசயம். ஆனால் காலத்தைக் கணக்குப் பாருங்கள். கனரக வாகனத்துக்குப் பொதுவாக 4 வருடம், கார், வேன் போன்றவற்றுக்கு 8 வருடம். அப்படியென்றால் 68 வயதில் புதுப்பித்த ஒருவரை மறுபடி வைத்தியர் பார்ப்பது 76 வயதில். அந்த எட்டு வருடத்தில் கண்புரை வரலாம், சீனி கூடலாம், காது மந்தமாகலாம். இடையில் பார்ப்பது யார்? வீட்டிலுள்ள நாம்தான்.

நாம் என்ன செய்கிறோம்? வாப்பா இரவோடு இரவாகக் கொழும்புக்கு வேன் ஓட்டிக்கொண்டு போகிறார், பின்னால் பேரப்பிள்ளைகள் தூங்குகிறார்கள். வளைவில் வேன் வெள்ளைக்கோட்டைத் தாண்டினால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். வாய் திறப்பதில்லை. அவர் மனம் நோகுமே என்ற பயம். அந்த மரியாதை நல்லதுதான். ஆனால் பின் சீற்றில் இருக்கும் பிள்ளைகளும் எதிரே சைக்கிளில் வருபவரும் நம்மிடம் உள்ள அமானிதம் அல்லவா?

பெரிதாக ஒன்றும் செய்யத் தேவையில்லை. பகல் வெளிச்சத்தில், நிறுத்தியிருக்கும் ஒரு வாகனத்திலிருந்து சுமார் இருபத்தைந்து எட்டு தள்ளி நின்று, அதன் இலக்கத் தகட்டை வாப்பாவை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்களும் வாசியுங்கள், மச்சான்மாரையும் வாசிக்க வையுங்கள். அப்போது அது அவருக்கு மட்டும் வைத்த சோதனையாக இருக்காது. வருடத்துக்கு ஒருமுறை கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். இன்சுலின் ஏற்றுபவர் என்றால், ஓட்ட ஏற முன் சீனி பார்க்கும் பழக்கத்தை உண்டாக்குங்கள். இரவுப் பயணத்தில் "நான் ஓட்டுறன் வாப்பா, நீங்க பக்கத்துல இருந்து வழி சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள்.

திறப்பைப் பறிக்காதீர்கள். பறித்தால் அவர் இழப்பது வாகனத்தை மட்டுமல்ல. சுபஹுக்குப் பள்ளிக்குப் போவது, சந்தைக்குப் போவது, கூட்டாளிமாரைப் பார்க்கப் போவது எல்லாம் நின்றுவிடும். ஓட்டுவதைக் குறைக்கச் சொன்னால், கூட்டிப் போகும் பொறுப்பை நாம் எடுக்க வேண்டும். அதைச் செய்யத் தயாரில்லாதவருக்கு "ஓட்டாதீங்க" என்று சொல்லும் உரிமையும் குறைவுதான்.

உங்கள் வீட்டில் இதை எப்படிப் பேசினீர்கள் என்று கொமன்ட்டில் எழுதுங்கள். மற்றவர்களுக்கும் ஒரு வழி கிடைக்கும். மாமாவின் கண் சத்திரசிகிச்சைக்கு துஆச் செய்யுங்கள்.