காணாமற் போன 'டி'

நீலகிரிக்குக் குடிவருகிறவர்கள் குளிருக்குப் பயப்படுகிறார்கள். குளிர் பாவம், சாது. ஒரு கம்பளிக்கு அடங்கிவிடும். இங்கே உண்மையான சத்துரு ஈரம். ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை ஊட்டிப் பக்கத்தை நனைத்துவிட்டுப் போனால், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை வந்து குன்னூரையும் கோத்தகிரியையும் கவனித்துக்கொள்ளும். செருப்பில் பூஞ்சை, பெட்டியில் பூஞ்சை, புஸ்தக அலமாரியில் பூஞ்சை. வெயில் தலை காட்டினால் மற்றவர்கள் துணியைக் காயப்போடுவார்கள். எழுதிப் பிழைக்கிற நான் காகிதத்தைக் காயப்போடுவேன்.

குன்னூரில் எங்கள் வீட்டுக்குக் கீழ்ச்சரிவில் வசிக்கும் பெரியவர் ஒருவர் இந்தச் சத்துருவை வெல்ல வேறு உபாயம் செய்தார். தம்மிடம் இருந்த காகிதங்களை எல்லாம் படம் பிடித்துக் கம்ப்யூட்டருக்குள் போட்டுவிட்டார். தம்முடையவை மட்டும் அல்ல. சுமார் நாற்பது குடும்பங்களின் காகிதங்கள். அவர் 1970-ல், பதினாலு வயசுப் பையனாக, இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து தாய் தகப்பனோடு கப்பலேறி வந்தவர். இங்கே அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்து, தொழிற்சாலைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் லயத்து ஜனங்கள் தங்கள் பொக்கிஷத்தை எல்லாம் அவரிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். பொக்கிஷம் என்றால் நகை நட்டு அல்ல. பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, ஹட்டன் தோட்டத்துத் துண்டுச் சீட்டு. பேரனுக்கு ஜாதிச் சான்றிதழ் என்று போய் நின்றாலும், வீட்டுக்குப் பட்டா என்று போய் நின்றாலும், "சிலோனிலிருந்து வந்ததற்கு அத்தாட்சி எங்கே?" என்றுதான் முதல் கேள்வி. பாதிப் பேருடைய அசலை ஈரம் தின்று தீர்த்துவிட்டது. மிஞ்சியது அந்தப் படங்கள்தாம்.

அவருடைய கம்ப்யூட்டர் ஏதோ ஒரு தோட்டத்து ஆபீஸில் கழித்துக் கட்டிய பழைய யந்திரம். அதன் வயிற்றுக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்குகள். 'ஸி' என்ற பெயருள்ளதில் யந்திரத்தை நடத்துகிற விண்டோஸ் குடியிருந்தது. 'டி' என்ற பெயருள்ளதில் காகிதப் படங்கள். சமையலுக்கு ஓர் அறை, சாமான் வைக்க ஓர் அறை என்கிற மாதிரி.

சென்ற மழைக்காலத்தில் யந்திரம் சண்டித்தனம் செய்தது. பஜாரில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரப் பையன் 'ஸி'யைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் 'ஸி' இருக்கிறது, 'டி' இல்லை.

"டீ விளைகிற ஊரிலே 'டி'யைக் காணோம்னா சிரிப்பாங்க, ஐயா" என்றார் என்னிடம். ஆனால் அவர் சிரிக்கவில்லை. கடைக்குப் போன் செய்ததில், "பழைய டிஸ்க், செத்திருக்கும். கொண்டு வாங்க, அழிச்சுப் புதுசா ரெடி பண்ணித் தர்றேன்" என்று பதில் வந்ததாம்.

நல்ல வேளையாக அந்தச் சனிக்கிழமை கோயமுத்தூரில் படிக்கும் பேத்தி வந்து சேர்ந்தாள். "தாத்தா, யார் என்ன சொன்னாலும் எந்தப் பொத்தானையும் அமுக்காதீங்க" என்பதுதான் அவள் செய்த முதல் வைத்தியம்.

பிறகு பெட்டியைத் திறந்து இரண்டு கேபிள்களையும் அழுத்திவிட்டு, காதை வைத்துக் கேட்டாள். தட்டு சுற்றுகிற ரீங்காரம் கேட்டது. 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்கில் ஐம்பது தட்டுகள். மொத்தம் ஐம்பது லட்சம் எழுத்துக்கள் கொள்ளும். இந்தப் பெரியவரின் கையகல டிஸ்க் அதைப் போல லட்சம் மடங்கு கொள்ளும். ஆனாலும் தட்டு சுற்ற வேண்டும், அதன்மேல் ஒரு சிறு தலை ஊர்ந்து படிக்க வேண்டும் என்கிற சங்கதி இந்த ஜாதி டிஸ்கில் இன்னும் மாறவில்லை. செத்த டிஸ்க் பெரும்பாலும் சுற்றாது. அல்லது டக் டக் என்று தட்டும். இது ஒழுங்காகப் பாடிற்று.

அடுத்தபடி, விண்டோஸ் கண் விழிப்பதற்கு முன்பே விழித்துக்கொள்கிற சின்ன வாயிற்காப்போன் ஒருவன் யந்திரத்தில் உண்டு. பயாஸ் என்று பெயர். அவனிடம் விசாரித்ததில் இரண்டு டிஸ்குகளையும் மாடல் பெயரோடும் அளவோடும் ஒப்பித்தான். ஆகவே உடம்பில் குறை இல்லை. கேபிளிலும் குறை இல்லை. தகராறு மேலே, ஆபீஸில்.

விண்டோஸில் டிஸ்குகளுக்கு என்று ஒரு ஜாப்தா உண்டு. அதைத் திறந்தாள். முதல் டிஸ்க் சௌக்கியம் என்றிருந்தது. இரண்டாவதன்மேல் ஒரு மஞ்சள் அடையாளம். பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை: 'ஃபாரின்'.

"அந்நியன்னு போட்டிருக்கு, தாத்தா."

பெரியவர் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பாவுக்குப் போட்ட முத்திரையும் இதுதாம்மா" என்றார்.

விஷயம் இதுதான். அந்த ஆபீஸ்காரர்கள் 'டைனமிக்' என்கிற முறையில் அந்த டிஸ்கை அமைத்திருந்தார்கள். அப்படி அமைத்த டிஸ்க், தான் எந்த யந்திரத்துக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தன் கடைசி ஒரு மெகாபைட் இடத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. விண்டோஸைப் புதிதாக ஏற்றியதும் யந்திரத்தின் அடையாளம் மாறிவிட்டது. டிஸ்க் அதே பெட்டியில், அதே கேபிளில், அதே இடத்தில்தான் இருக்கிறது. புது நிர்வாகத்தின் பேரேட்டில் மாத்திரம் அதன் பெயர் இல்லை.

1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்ததும் நடந்தது வேறென்ன? அந்த வருஷத்துக் குடியுரிமைச் சட்டம், முன்னோர்கள் அங்கே பிறந்ததற்குக் காகிதம் கேட்டது. தோட்டத்து லயத்தில் அந்தக் காகிதம் யாரிடம் இருக்கும்? லட்சக்கணக்கானவர்கள் இருந்த இடத்திலேயே நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் 9,75,000 பேர் என்று கணக்குப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் செய்தார்கள். 1974-ல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. 1976-ல் அது 'டான்டீ' என்ற கழகமாயிற்று. அங்கே இந்தியத் தமிழர் என்று பெயர். இங்கே வந்த பிறகு சிலோன்காரர் என்று பெயர்.

'ஃபாரின்' என்ற வார்த்தையின்மேல் வலப்பக்கப் பொத்தானை அமுக்கினால் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, அந்நிய டிஸ்கை இறக்குமதி செய்துகொள்வது. மற்றொன்று, சாதாரண டிஸ்காக மாற்றிவிடுவது. இரண்டாவது கேட்பதற்குச் சாதுவாக இருக்கிறது அல்லவா? அதை அமுக்கினால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும். கடைக்காரப் பையன் செய்து தருவதாகச் சொன்ன உபகாரமும் ஏறக்குறைய அதுதான்.

பெண் கெட்டிக்காரி. முதல் வழியைக்கூட உடனே தொடவில்லை. வேறு ஒரு டிஸ்கில் இதை அட்சரம் பிசகாமல் அப்படியே நகல் எடுத்தாள். அதற்கு ஓர் இரவு பிடித்தது. நகலைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் இறக்குமதி செய்தாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மஞ்சள் அடையாளம் மறைந்தது. எழுத்து மட்டும் வரவில்லை. 'டி'யைப் புது விண்டோஸ் சி.டி. போடும் பெட்டிக்குக் கொடுத்துவிட்டதாம்.

"என்ன எழுத்து கொடுக்கட்டும், தாத்தா?"

"ஹெச் இருக்கா? ஹட்டனுக்கு அதுதானே வரும்?"

ஹெச் இருந்தது. முதலில் திறந்தது அவருடைய தகப்பனாரின் பாஸ்போர்ட். கன்னம் ஒட்டிய மனிதர். காமிராவைப் பார்க்காமல் அதற்குச் சற்று மேலே பார்க்கிறார். பெரியவர் வாய் திறக்கவில்லை. வேஷ்டித் தலைப்பால் திரையைத் துடைத்தார்.

இலங்கையில் தங்கிவிட்ட நாடற்றவர்களுக்கு 2003-ல் ஒரு சட்டம் வந்தது. 1964 முதல் அங்கேயே வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினரையும் அவர்கள் பிள்ளைகளையும் பிரஜைகள் என்று அது ஒப்புக்கொண்டது. அழித்து எழுதாமல் அங்கீகரிக்க அங்கேயும் ஒரு வழி இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஐம்பத்தைந்து வருஷம் ஆயிற்று.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டிஸ்க் காணாமற் போகலாம். அப்போது, இல்லை என்று யந்திரம் சொல்வதை இல்லாமற் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேபிளைப் பாருங்கள், காதால் கேளுங்கள், வாயிற்காப்போனை விசாரியுங்கள், ஜாப்தாவைப் படியுங்கள். அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று யார் சொன்னாலும், நகல் எடுக்கும் வரையில் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். பெரியவர் இப்போது மூன்று பிரதி வைத்திருக்கிறார். ஒன்று அவர் வீட்டில், ஒன்று பேத்தியோடு கோயமுத்தூரில். மூன்றாவதைக் காகிதத்தில் அச்செடுத்து, குடும்பத்துக்கு ஒரு கட்டாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.