மீனவனுக்குத் தெரியாது

அந்த வேடன் செத்ததற்கு நான்தான் காரணம். சுபாங் ஜெயாவில், நண்பன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு சனிக்கிழமை இரவு அது நடந்தது.

நாங்கள் விளையாடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளியிட்டது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறிப் பேசுவோம், சண்டை போடுவோம். அடி விழுந்ததா தவறியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

அன்று பாலத்தடியிலிருந்து ஒரு ட்ரோல் வந்தது. வெட்டினால் காயம் தானாகவே மூடிக்கொள்ளும் பூதம். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதற்கு 84 உயிர்ப்புள்ளிகள். ஒவ்வொரு சுற்றிலும் 10 புள்ளி திரும்ப வளரும். தீயோ அமிலமோ பட்டால் மட்டும் அடுத்த முறை வளராது. இது எனக்கு மனப்பாடம். பல்கலைக்கழக விடுதியில் பாடப்புத்தகத்தைவிட அந்த விதிநூல்களைத்தான் அதிகம் படித்தேன். மேசையில் மற்றவர்கள் புதியவர்கள்.

ஆனால் என் பாத்திரம் கடலோரத்து மீனவன். ட்ரோலைக் கண்டதே இல்லை. ஒரு கையில் ஈட்டி, இன்னொரு கையில் எரியும் பந்தம். அந்தப் பந்தத்தால் அடித்தால் ஒரே ஒரு புள்ளி சேதம்தான். ஆனாலும் அது தீ.

ஆட்டக்காரனுக்குத் தெரிந்ததைப் பாத்திரத்துக்குக் கடத்தக் கூடாது. இது எங்கள் மேசையின் எழுதாத சட்டம். ஆகவே ஈட்டியால் குத்தினேன். மூன்று சுற்றும் ஈட்டிதான். நான்காவதில் வேடன் விழுந்தான், எழவில்லை. பதினான்கு மாதம் அவனாக இருந்த நண்பன், பாத்திரத் தாளை மடித்துப் பையில் வைத்தான். ஆட்டம் முடிந்ததும் கதை நடத்துபவர் தீ ரகசியத்தைச் சொல்லிவிட்டார்.

மாமாக் கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது. நண்பன் கேட்டான்:

"உனக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"எனக்குத் தெரியும்டா. மீனவனுக்குத் தெரியாதே."

"குத்தக் குத்த மூடுதுன்னு பார்த்தவன், கையில இருக்கிற எல்லாத்தாலயும் அடிச்சுப் பார்ப்பான்ல? பந்தத்த மட்டும் ஏன் தொடல?"

என்னிடம் பதில் இல்லை. எத்தனை சுற்று கழித்துத் 'தற்செயலாக'ப் பந்தத்தை வீசலாம் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கைப் போட்டது மீனவன் இல்லை. தெரிந்ததைப் பயன்படுத்துவது ஏமாற்று என்றால், தெரிந்ததால் ஒதுங்குவதும் அதேதான். வேலையில் நான் எழுதிய நிரலை நானே சோதித்தால் இதுதான் நடக்கும். எங்கே உடையும் என்று தெரிந்த கை அந்தப் பக்கம் போகாது, இல்லையென்றால் வேண்டுமென்றே போகும். தெரியாத கை மாதிரி மட்டும் போகாது.

உண்மையைச் சொன்னால், நான் மீனவனுக்கு நியாயம் செய்யவில்லை. ஏமாற்றுக்காரன் என்ற பெயர் வராமல் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். அதற்கு விலை கொடுத்தவன் வேடன்.

இப்போதெல்லாம் வாய்விட்டே கேட்டுவிடுகிறேன்: "எனக்கு இது தெரியும். இவன் கேள்விப்பட்டிருப்பானா?" கதை நடத்துபவர் பகடையை உருட்டச் சொல்வார். அறிவுத்திறனையும் சேர்த்து 15 வந்தால், எப்போதோ பாட்டி சொன்ன கதையில் ட்ரோல் இருந்திருக்கும். வராவிட்டால் இல்லை. முடிவு என் கையில் இல்லாதது நிம்மதியாக இருக்கிறது.

அடுத்த வாரம் நண்பன் புதிய பாத்திரத்தோடு வந்தான். மந்திரவாதி. தேர்ந்தெடுத்த முதல் மந்திரம், நெருப்பு அம்பு.

"ஏன்டா அது?" என்றேன்.

முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னான்: "அவனுக்குக் குளிரும் லா."