கொல்ஃப் திடலுக்கொரு மூக்குக்கண்ணாடி

கொல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீற்றரிற் குறைதல் ஆகாது. அதன் நிறை 45.93 கிராமுக்கு மேற்படலும் ஆகாது. அது சென்று விழவேண்டிய குழியின் விட்டமோ 108 மில்லிமீற்றர். தேசிக்காயளவான அவ்வெண்பந்தை இருநூறு யாருக்கு அப்பால் அனுப்பிவிட்டு, அஃது எங்கே கிடக்கின்றதெனத் தேடி நடப்பதே இவ்விளையாட்டின் பெரும்பகுதி. அடிப்பதற்குச் சில கணங்கள் போதும். தேடுவதற்குத்தான் பொழுது முழுவதும் வேண்டும். ஆகவே நடுவயதைக் கடந்த ஆட்டக்காரருக்கு முதற் சோதனை பெரும்பாலும் கண்ணிலேயே தொடங்குகின்றது. வழமையாக அணியும் மூக்குக்கண்ணாடியோடு திடலுக்குச் சென்றால் என்னவென்று ஒருவர் வினவலாம். வீட்டுக்கும் வீதிக்கும் பொருந்திய கண்ணாடி திடலிற் பகையாகிவிடுவதே இங்குள்ள விந்தை.

நுவரெலியாவில் வாழும் ஓய்வுபெற்ற தோட்டத்துரை ஒருவர் இவ்விந்தையை நன்கறிந்தவர். 1975 ஆம் ஆண்டு கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபின், யாழ்ப்பாணத்திலிருந்து சின்னத்துரையாக மலையேறிப் பெரியதுரையாக இளைப்பாறியவர். பந்தடிக்கும் பழக்கம் உத்தியோகத்தோடு வந்தது. உத்தியோகம் போனபின்னும் அது போகவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைக்கூற்றில் அமைத்துச்சென்ற நுவரெலியாத் திடலிற் கிழமைக்கு இருமுறை அவரைக் காணலாம். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவரது மட்டைப் பையைச் சுமந்து உடன்வருபவர், அயற்றோட்டத்து லயமொன்றிற் பிறந்து வளர்ந்த, ஏறக்குறைய அவரொத்த வயதினரான ஒருவர். இத்தொழில் செய்வோரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தமிழ் நாவில் ‘கெடி’ என்றும் ‘கேடி’ என்றும் புரளும். பின்னைய வழக்கு அம்மனிதருக்கு இழைக்கும் அநீதி பெரிது.

துரையின் முதற் கண்ணாடி இருபார்வைக் கண்ணாடி. மேற்பகுதி தூரத்துக்கும் கீழ்ப்பகுதி வாசிப்புக்குமென ஒரே சட்டத்துள் இருவகை வில்லைகளைப் பொருத்தும் இம்முறையைப் பெஞ்சமின் பிராங்ளின் 1785 ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் விதந்து எழுதியுள்ளார். விருந்து மேசையில் தம் தட்டிலுள்ள உணவும் எதிரேயிருப்பவர் முகமும் ஒருங்கே தெளிவாகத் தெரிந்தமை அவருக்குப் பெருமகிழ்ச்சி. பிராங்ளின் கொல்ஃப் ஆடியிருப்பின் அம்மகிழ்ச்சி சற்றே குன்றியிருக்கும். பந்தை அடிக்க நிற்பவர் தலையைக் கவிழ்த்து நிலத்தை நோக்குகின்றார். அப்போது பார்வை வில்லையின் கீழ்ப்பகுதியூடாகச் செல்கின்றது. அப்பகுதியோ நாற்பது சென்ரிமீற்றர் தூரத்திற் பிடிக்கும் பத்திரிகைக்கென அமைந்தது. பந்து கிடப்பதோ ஒன்றரை மீற்றர் தூரத்தில். ஆகவே பந்து பஞ்சுப்பொதிபோல மங்கிப் பருத்துத் தோற்றும். இரு வில்லைகளும் சந்திக்கும் கோட்டைப் பார்வை கடக்கும்போது காட்சி ஒரு துள்ளுத் துள்ளும். இதற்கஞ்சி ஆடுபவர் நாடியை நெஞ்சோடு அழுத்தி, மேற்பகுதியாற் பார்க்க முயல்வார். நாடி நெஞ்சோடு ஒட்டினால் இடத்தோள் அதன்கீழ் வந்து திரும்புவதற்கு வழியில்லை. தோள் திரும்பாத அடி பந்தின் உச்சியைத் தட்டிவிட்டுப் போகும். துரை ஈராண்டுகள் இவ்வாறு உச்சியைத் தட்டியபடி, குறை தம் இடுப்பில் உள்ளதென நம்பி, நாட்டு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கிப் பூசினார்.

அடுத்து அவர் வாங்கியது கோடில்லாக் கண்ணாடி. மேலிருந்து கீழாக வலு சிறிது சிறிதாக மாறிச்செல்லும் இவ்வில்லை 1959 ஆம் ஆண்டு பிரான்சில் அறிமுகமானது. அலுவலக மேசைக்கு இதனினும் நல்ல நண்பன் இல்லை. ஆயினும் நடுவிலே தெளிவான ஒடுங்கிய பாதையொன்றை அமைப்பதற்கு, கீழ்ப்புறத்து இரு மருங்குகளையும் திரிபுக்கு இரையாக்குதல் இவ்வில்லையின் இயல்பு. குழியைச் சுற்றியுள்ள, ஒட்ட வெட்டிய புற்றரையிற் பந்தை உருட்டுமுன் ஆடுபவர் அறியவேண்டியது நிலத்தின் சரிவை. அதுவும் விரலளவு சரிவை. திரிபுற்ற வில்லையூடே நோக்கிய துரைக்குத் தட்டையான தரை வள்ளம்போல ஆடியது. இருநூறு யாரைத் தாண்டுவதற்குச் செலவான அதே ஓரடி, இரண்டு முழத்தைத் தாண்டுவதற்கும் செலவாயிற்று.

மூன்றாம் முறை அவர் கண்டிக்குச் சென்றார். அங்குள்ள கடையொன்றிற் பார்வை அளவிடும் இளம்பெண் கொல்ஃப் ஆட்டத்தைக் கண்ணாற் கண்டவள் அல்லள். அதுவே நன்மையாயிற்று.

“ஐயா, இந்தக் கண்ணாடியால எதைப் பார்க்கப்போறீங்க?”

“பந்தை.”

“பந்து எங்க இருக்கும்?”

முன்னிரு கடைகளிலும் இக்கேள்வியை எவரும் கேட்கவில்லை. அவள் அவரைக் கதிரையிலிருந்து எழுப்பி, மூலையிற் கிடந்த குடையொன்றைக் கையிற் கொடுத்து, அடிப்பதுபோல நிற்கச்சொன்னாள். அளவுநாடாவால் அவர் கண்ணுக்கும் நிலத்துக்குமுள்ள தூரத்தை அளந்தாள். கடைக்கு வந்திருந்த ஏனையோர் இதனை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தனர். அவளது தீர்ப்பு எளியது: தூரப்பார்வைக்கு மாத்திரமான ஒற்றை வில்லை. அறுபது வயதைக் கடந்த கண்ணிலும் ஒன்றரை மீற்றரிலுள்ள பொருளைக் குவித்துப் பார்க்கும் சிற்றாற்றல் எஞ்சியிருக்கும். வெளிச்சத்திற் கண்மணி சுருங்குவதும் அதற்குத் துணைசெய்யும். எனவே தூரக் கண்ணாடியே பந்துக்கும் போதும். வில்லை சற்று ஆழமாக இருத்தல் வேண்டும். பந்திலிருந்து குழிவரை நிலத்தோடு கண்ணை ஓட்டும்போது சட்டத்தின் விளிம்பு குறுக்கிடலாகாது. வில்லை பொலிகாபனேற்றினால் ஆயின் நன்று; தவறிவரும் பந்தைத் தாங்கக்கூடியது அதுவே.

நிறம்பற்றிய ஆராய்ச்சி இதனினும் நீண்டது. மண்ணிற வில்லை நீல ஒளியைக் குறைத்துப் பச்சைப் புல்லில் வெண்பந்தை எடுத்துக்காட்டும் என்பர். சாம்பல் நிறமோ நிறங்களை உள்ளவாறே விட்டுவைக்கும். முனைவாக்கிய வில்லை நீரின் பளபளப்பை அகற்றும். ஆனால் புல் எத்திசையிற் சாய்ந்துள்ளதென அறிவிப்பதும் அதே பளபளப்பாதலின், ஆட்டக்காரர் சிலர் அதனை விரும்புவதில்லை. வெயிலிற் கறுத்து நிழலில் வெளுக்கும் வில்லையைத் துரை விரும்பினார். குளிரில் அவ்வகை வில்லை மேலும் கடுமையாகக் கறுக்கும், வெளுப்பதற்கும் நெடுநேரம் எடுக்கும் என்பதை அப்பெண் சுட்டினாள். சைப்பிரஸ் மர நிழலிலும் பனிமூட்டத்திலும் பந்தைத் தேடும் நுவரெலியாக்காரருக்கு அது தகாது. ஈற்றில் இலேசான மண்ணிறம் முடிவாயிற்று.

கண்ணாடி அணிந்தோர் இவ்வாட்டத்திற் பின்தங்கியோர் என எண்ணவேண்டுவதில்லை. ஹேல் ஏர்வின் 1974 ஆம் ஆண்டு அமெரிக்கத் திறந்த போட்டியை மூக்குக்கண்ணாடியோடு வென்றவர். முதல் உலகப்போரில் நச்சுவாயுவால் ஒரு கண்ணிற் பார்வை இழந்த டொமி ஆமர் 1927 ஆம் ஆண்டில் அதே போட்டியையும், 1931 ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் கார்னூஸ்தியில் நடைபெற்ற பிரித்தானியத் திறந்த போட்டியையும் வென்றார். துரை இச்செய்திகளையெல்லாம் மனனஞ்செய்து வைத்திருந்தார்.

எஞ்சியது ஒன்று: புள்ளி அட்டை. தூரக் கண்ணாடியோடு அதனை வாசித்தல் இயலாது. அட்டையைச் சரிபார்க்காமை எத்துணைக் கேடு விளைவிக்குமென்பதற்கு ஆர்ஜென்ரீனர் றொபேர்ட்டோ டி விசென்சோவின் கதை சான்று. 1968 ஆம் ஆண்டு மாஸ்ரர்ஸ் போட்டியில், பதினேழாம் குழியில் மூன்று அடிகளில் முடித்தவருக்கு உடன் ஆடியவர் நான்கு எனப் பதிந்துவிட்டார். அதனைக் கவனியாது அவர் ஒப்பமிட்டார். கூட்டி எழுதியதற்கு ஒப்பமிட்டால் அதுவே நிலைக்கும் என்பது விதி; ஓரடியால், வெற்றியைத் தீர்மானிக்கும் மேலதிக ஆட்டத்துக்கான வாய்ப்புக் கைநழுவிற்று. இத்தேவைக்கெனவே ஒரு தனிவகைக் கண்ணாடி உண்டு. வலக்கைக்காரராயின், வலக்கண் வில்லையின் கீழ்வெளி மூலையிற் சிறுவட்டமாக வாசிப்பு வில்லையைப் பதித்துவிடுவர். அடிக்கும்போது அது பார்வையிற் குறுக்கிடாது. அட்டையைப் பக்கவாட்டிற் பிடித்தால் எழுத்துத் தெரியும். அப்பெண் அதனை எடுத்துரைத்தபோது துரை சிரித்தார்.

“அது வேண்டாம், பிள்ளை. அட்டை வாசிக்க என்ர ஆள் இருக்கிறார். அறுபத்தாறு வயசு; கண்ணாடி இல்லாமலே பொடி எழுத்தெல்லாம் வாசிப்பார். பத்து வருசத்துக்கு முந்தி அவருக்கே எட்டப் பிடிச்சாத்தான் தெரியும். இப்ப கண் திரும்பிவிட்டுது.”

அப்பெண் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தாள்.

“அவருக்குத் தூரம் எப்படித் தெரியுது, ஐயா?”

“என்ர பந்தை அவர் துலைச்சதில்லை” என்றார் துரை. எனினும் அண்மைக்காலத்திற் சில பந்துகள் தொலைந்தே இருந்தன. தேடுவதற்கு முன்னர் ஐந்து நிமிடம் இருந்தது; 2019 ஆம் ஆண்டு முதல் மூன்றே நிமிடம். பழியை அவர் அப்புதிய விதியின்மேற் போட்டிருந்தார். முதுமையில் வெள்ளெழுத்து நீங்கிக் கிட்டப்பார்வை தானாகத் தெளிவது எப்போதும் நற்குறி அன்று. கண்ணின் வில்லை நடுவிலே தடித்துப் புரை படரத் தொடங்கும்போது, தூரப்பார்வையை விலையாக வாங்கிக்கொண்டு அது தரும் சலுகையே அஃது என அவள் விளக்கினாள்.

புதுக் கண்ணாடியோடு ஆடிய முதல் நாளில், ஆண்டுகள் பலவற்றின்பின் துரை தம் பந்து விழுந்த இடத்தைத் தாமே கண்டார். ஓடைக்கு இப்பால், இடப்புறச் சைப்பிரஸ் மரத்தடியில் அது நின்றது. கெடிக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு, ஐயம் சிறிதுமின்றி வலப்புறம் நடந்தார்.

“நீர் பந்தைக் கண்டனீரோ?”

அவர் நின்றார். சிறிதுநேரம் சென்றே விடை வந்தது.

“அடிக்கிற சத்தத்துலயே தெரிஞ்சிரும் தொரை. எந்தப் பக்கம் போவுதுன்னு காது சொல்லும். இன்னைக்கு காத்து மாத்திருச்சி.”

எவ்வளவு காலமாக இந்நிலை என்று துரை வினவினார். மூன்று மழைக்காலம் என்றார் அவர். ஏன் சொல்லவில்லை என்பதற்கு, “கண்ணு போன ஆள யாரு தொரை கூப்புடுவாங்க?” என்பதே மறுமொழி. தோட்டங்களிற் ‘பேர் வெட்டு’ என்றொரு வழக்குண்டு. வேலைப் பதிவிலிருந்து ஒருவரை நீக்குதல். தம் உத்தியோக காலத்தில் எத்தனை பெயர்களை வெட்டியிருப்பாரென்பதைத் துரை எண்ணிவைத்தவர் அல்லர். அன்று அட்டையிற் புள்ளி எழுதப்படவில்லை.

மறுகிழமை இருவரும் கண்டிக்குச் சென்றனர். கெடிக்காரருக்கு இரு கண்களிலும் புரை தொடங்கியிருந்தது, வலக்கண்ணில் மிகுதி. வைத்தியசாலையிற் காட்டவேண்டுமென எழுதிக்கொடுத்த அப்பெண், அதுவரை தூரத்துக்கொரு கண்ணாடி ஓரளவு உதவுமென்றாள். சட்டம் தெரிவுசெய்யும் வேளை வந்தது. துரை உறுதியான, அகன்ற சட்டமொன்றையும் தமக்குப்போல மண்ணிறத்தையும் விதந்தார். திடலில் விழுந்தாலும் உடையாது. மழையில் தலைகுனிந்து நடந்தாலும் கழன்று விழாது. கெடிக்காரர் அதனைக் கையாலும் தொடவில்லை. விளிம்பே இல்லாத, மெல்லிய கம்பி மாத்திரமுள்ள ஒன்றை எடுத்து முகத்தில் வைத்து, கண்ணாடியின்முன் பின்னோக்கி நடந்து நடந்து பார்த்தார். எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் அது முகத்தில் இருப்பது தெரியாது என்பதே அவரது சோதனை. விளிம்பில்லாத வில்லை விழுந்தால் ஓரம் சிதையுமென்று அப்பெண் எச்சரித்தாள்.

“விழாம பாத்துக்கிறேன் தாயி. கலர் மட்டும் வேணாம். கலர் போட்டா குருடன்னே முடிவு பண்ணிருவாங்க.”

துரை ஆடும் நாள்களில் முதற் குழியிலிருந்தே அக்கண்ணாடி அவர் முகத்தில் இருக்கும். ஏனைய நாள்களில் அது சட்டைப்பையில், உறையினுள் இருக்கும். ஆடுபவர் பந்தை அடித்துவிட்டு முதுகைக் காட்டி நடக்கத் தொடங்கியபின்னரே வெளியில் வரும். அதற்குள் பந்து விழுந்து முடிந்திருக்கும். இதனைத் துரை வீதியோரத்து வேலிக்கு அப்பாலிருந்து ஒருநாள் கண்டார், கண்டதாகச் சொல்லவில்லை. வைத்தியசாலையில் வலக்கண் சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்துள்ளனர். அதன்பின் சில கிழமைகள் பாரம் தூக்கலாகாது. அக்கிழமைகளிற் பையைச் சுமப்பது யாரென்று இருவரும் இன்னும் பேசவில்லை.