டயருக்கும் வயசு இருக்கு மக்கா

கார் வாங்கும்போது நாம என்னவெல்லாம் பாக்குறோம்? மைலேஜ், டிக்கி சைஸ், சன்ரூஃப், டச் ஸ்கிரீன், எத்தனை ஏர்பேக்... ரோட்டைத் தொடுற ஒரே பொருள் எதுவோ அதை மட்டும் பாக்குறதே இல்லை. டயரைத்தான் சொல்றேன். கறுப்பா உருண்டையா நாலு இருக்கா? இருக்கு. அம்புட்டுதான்.

பொட்டி தட்டுற பயலுக்கு டயரைப் பத்தி என்ன தெரியும்னு கேக்காதீங்க. இன்ஜினியரிங் படிச்சதுல மிச்சம் இருக்குற ஃபிசிக்ஸை எங்கயாவது செலவு பண்ணணும்ல :-)

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. ஆட்களோட சேத்து ஒரு சின்ன கார் 1200 கிலோன்னு வச்சுக்குவோம். ஒரு சக்கரத்து மேல 300 கிலோ, அதாவது சுமார் 660 பவுண்டு. டயர்ல காத்து 33 பி.எஸ்.ஐ., அப்படின்னா சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு. வகுத்தா 20 சதுர அங்குலம் வருது. தோராயமா ஒரு போஸ்ட் கார்டு அளவு. நூறு கிலோமீட்டர் வேகத்துல போற ஒரு குடும்பத்தை ரோட்டோட பிடிச்சு வச்சிருக்கிறது நாலே நாலு போஸ்ட் கார்டு. பிரேக் அடிச்சா நிக்கிறதும், வளைவுல வழுக்காம திரும்புறதும், மழையில தண்ணியை ஒதுக்குறதும் அதுங்களோட பொறுப்புதான்.

இந்த நாலையும் எப்படி ரொம்ப நாளைக்கு உழைக்க வைக்கிறது? சரி, மேட்டருக்கு வருவோம்.

காத்து

டயரோட ஆயுசுல பாதிக்கு மேல காத்துலதான் இருக்கு. எவ்வளவு வைக்கணும்கிறது டிரைவர் கதவைத் திறந்தா பக்கத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல இருக்கும். சில வண்டியில பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம். டயர் மேலயே ஒரு நம்பர் எழுதியிருக்கும், அது அந்த டயர் தாங்குற அதிகபட்ச அளவு. அதைப் பாத்து காத்து பிடிக்கக் கூடாது.

அடுத்த விஷயம், டயர் குளிர்ந்து இருக்கும்போதுதான் அளக்கணும். மூணு மணி நேரமாவது நின்ன வண்டி, இல்ல ஒண்ணு ஒண்ணரை கிலோமீட்டருக்குள்ள ஓடின வண்டி. ஏன்னு பாப்போம். காலையில 27 டிகிரியில 33 வச்சுட்டு கிளம்புறீங்க. ஹைவேயில ஒரு மணி நேரம் ஓட்டினதுல உள்ள இருக்குற காத்து 57 டிகிரிக்கு ஏறிடுச்சு. வளிமண்டல அழுத்தம் 14.7ஐயும் கூட்டி, கெல்வினுக்கு மாத்திக் கணக்குப் போட்டா, மீட்டர் கிட்டத்தட்ட 38 காட்டும். பெட்ரோல் பங்க்ல தம்பி, "38 இருக்கு சார், இறக்கி 33 வச்சிடவா?"ன்னு பாசமா கேப்பான். தலையை ஆட்டினீங்கன்னா முடிஞ்சுது கதை. மறுநாள் காலையில குளிர்ந்ததும் 29தான் இருக்கும். சூட்டுல ஏறின காத்தை இறக்கவே இறக்காதீங்க.

காத்து கம்மியானா என்ன ஆகும்? டயரோட பக்கச் சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி மடங்கி நிமிரும். ஒரே இடத்துல கம்பியை மடக்கி நிமித்தினா சூடாகும்ல, அதே கதை. அந்தச் சூடுதான் டயருக்கு எமன். 2000ஆம் வருஷம் ஆகஸ்ட்ல அமெரிக்காவில ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்ப வாங்குறதா அறிவிச்சுது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள்ல ஓடிக்கிட்டு இருக்கும்போதே டயரோட மேல்பட்டை உரிஞ்சு வந்து வண்டி உருண்டு, 270 பேருக்கு மேல செத்துப்போனாங்க. ஃபோர்டு சொன்ன 26 பி.எஸ்.ஐ. கம்மியா, டயர்லயே கோளாறான்னு ரெண்டு கம்பெனியும் மாறி மாறிச் சண்டை போட்டாங்க. அதுக்கப்புறம் அதே 2000ல வந்த சட்டத்தாலதான் அந்த ஊர்ல 2008 மாடல் கார்கள்ல இருந்து காத்து குறைஞ்சா விளக்கு எரியுற டி.பி.எம்.எஸ். கட்டாயமாச்சு. இப்போ நம்ம ஊர்லயும் பல புது கார்கள்ல வருது. ஆனா காத்து நல்லாக் குறைஞ்ச பிறகுதான் அந்த விளக்கு எரியும். பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா நாமளே அளந்துடுறது நல்லது.

நைட்ரஜன் வேணுமான்னு கேக்குறவங்களுக்கு: நாம மூச்சு விடுற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஓசியில கிடைச்சா போட்டுக்கோங்க. "நைட்ரஜன் போட்டாச்சு, இனி ஆறு மாசத்துக்குப் பாக்க வேண்டாம்"னு இருந்தா அதுதான் ஆபத்து.

ரேகை பாக்குறது

டயர் தேயுற விதத்தை வச்சே வண்டியோட ஜாதகத்தைச் சொல்லிடலாம். கைரேகை மாதிரிதான், ஆனா இது பலிக்கும் :-)

நடுவுல மட்டும் தேஞ்சிருந்தா காத்து அதிகம். ரெண்டு ஓரமும் தேஞ்சிருந்தா காத்து கம்மி. ஒரு ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா வீல் அலைன்மென்ட் போயிடுச்சு. அங்கங்க குழி குழியா இருந்தா ஷாக் அப்சார்பரையும் வீல் பேலன்சிங்கையும் பாக்கணும். எண்பது, நூறுல போகும்போது ஸ்டீயரிங் நடுங்கினா பெரும்பாலும் பேலன்சிங்தான்.

நம்ம கார்கள்ல பெரும்பாலானது முன்சக்கரத்துல இழுக்குற வண்டி. இழுக்குறதும் திருப்புறதும் முன்னாடி உள்ள ரெண்டும்தான், பிரேக்கையும் அதுங்கதான் அதிகமா தாங்குது. அதனால அதுங்கதான் சீக்கிரம் தேயும். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா முன்னாடி உள்ளதை நேரா பின்னாடியும், பின்னாடி உள்ளதை இடம் வலமா மாத்தி முன்னாடியும் போட்டா நாலும் சமமா உழைக்கும். டயர்ல சுத்துற திசைக்கு அம்புக்குறி இருந்தா மட்டும் அதே பக்கத்துல முன்ன பின்ன மாத்தணும்.

பட்டன் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்க, பள்ளத்துக்குள்ள குறுக்க சின்ன மேடு இருக்கும். உயரம் 1.6 மில்லிமீட்டர். தேஞ்சு தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா டயர் ரிட்டயர்டு. சட்டமும் அதேதான் சொல்லுது.

ஸ்டெப்னியை மறந்துடாதீங்க. இங்கிலாந்துக்கு மேற்கால வேல்ஸ்ல, லனெல்லிங்கிற ஊர்ல, ஸ்டெப்னி தெருவுல 1904ல உபரிச் சக்கரம் செஞ்சு வித்தாங்க. அந்தத் தெருப் பேரு நம்மூரு பஞ்சர் கடை வரைக்கும் வந்துடுச்சு. பேரு வந்தாப் போதுமா, அதுல காத்து இருக்கணும்ல?

அப்பாவும் நாலு நம்பரும்

மேல சொன்னதுல பாதி நான் அப்பாகிட்ட கத்துக்கிட்டது. 2016ல வாங்கின வண்டி. திருநெல்வேலிக்குள்ள மார்க்கெட்டு, கோயில், கல்யாண வீடு. அவ்வளவுதான் ஓட்டம். பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா காலையிலயே காத்து, நேரத்துக்கு டயர் மாத்திப் போடுறது, பள்ளத்துல இறக்காம ஓட்டுறதுன்னு குழந்தை மாதிரி பாத்துக்கிட்டார். 2025 பங்குனி உத்திரத்துக்கு சாத்தா கோயிலுக்குப் போக நான் ஊருக்குப் போனப்போ மீட்டர்ல 24 ஆயிரம் சொச்சம். பட்டன் அருமையா இருந்துச்சு.

சும்மா குனிஞ்சு டயரோட ஓரத்தைப் பாத்தேன். டாட்ங்கிற எழுத்துக்குப் பின்னாடி கடைசி நாலு நம்பர்தான் டயரோட ஜனன தேதி. 1416. 2016ஆம் வருஷம், 14ஆவது வாரம். ஒன்பது வருஷம்.

"டயரை மாத்தணும்ப்பா."

"ஏல, பட்டன் அப்படியே இருக்கு. தேயாத டயரைத் தூக்கிப் போடச் சொல்லுதியே, காசு என்ன மரத்துலயா காய்க்கி?"

அவரு கேட்டதுல தப்பே இல்லை. சொன்ன மாதிரி எல்லாத்தையும் ஒழுங்கா பண்ணின மனுஷன்கிட்ட, இவ்வளவு பண்ணியும் பத்தாதுன்னு எப்படிச் சொல்றது? ரப்பரை வெயிலும் சூடும் ஓசோனும் அரிச்சுக்கிட்டே இருக்கும். அதைத் தடுக்க ரப்பருக்குள்ள மெழுகு மாதிரி பொருள் கலந்திருப்பாங்க. டயர் ஓடி வளைஞ்சு நெளியும்போதுதான் அது மேல வந்து பரவும். ஓடாம நிக்கிற வண்டியில அந்தப் பாதுகாப்பு சரியா நடக்காது. கம்மியா ஓட்டி மிச்சம் பிடிக்கிறோம்னு நினைக்கிறோம், டயர் நின்ன இடத்துலயே கிழடாகிடுது. அஞ்சு வருஷத்துக்கு மேல ஆனா வருஷா வருஷம் சோதிக்கணும், பட்டன் இருந்தாலும் பத்து வருஷத்துல மாத்திடணும்னு டயர் கம்பெனிகளே சொல்றாங்க. ஆறு வருஷத்துலயே மாத்தச் சொல்ற கார் கம்பெனியும் உண்டு.

நான் சொன்னது எதுவும் எடுபடலை. அந்த வண்டியில அம்மா, அக்கா, அக்காவோட ரெண்டு வாண்டுங்க எல்லாரும் ஏறப் போறாங்க, அதுவும் ஏப்ரல் வெயில்ல. எனக்கு மனசு கேக்கலை. "மாத்த வேண்டாம்ப்பா, கடையில சும்மா காட்டுவோம்"னு கூட்டிட்டுப் போனேன்.

கடைக்காரர் ஒண்ணும் பேசலை. வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழட்டி, காத்தை இறக்கி, பக்கச் சுவரைக் கட்டைவிரலால அமுக்கி, "அண்ணாச்சி, இதுல விரலை வச்சுப் பாருங்க"ன்னார். அமுக்கின இடமெல்லாம் கோடை குளத்து மண்ணு மாதிரி விரிசல் விரிசலா வாயைப் பொளந்துச்சு. அப்பா விரலை வச்சுத் தடவிப் பாத்தார். கொஞ்ச நேரம் சும்மா நின்னார். அப்புறம், "நாலையும் மாத்திருங்க"ன்னார்.

புது டயர்லயும் அந்த நாலு நம்பரை அவரே குனிஞ்சு பாத்துட்டுத்தான் போட விட்டார். கடையில ரெண்டு வருஷமா கிடந்த டயரை நம்ம தலையில கட்டிடக் கூடாதுல்ல. பழைய டயர்ல ஒண்ணை மட்டும் வீட்டுக்குக் கொண்டாந்து வேப்பமரத்துல ஊஞ்சல் கட்டிட்டார். மழைத்தண்ணி தேங்கி டெங்கு கொசு வந்துடக் கூடாதுன்னு அடியில நாலு ஓட்டையும் போட்டார். எங்கப்பாவாச்சே, எதையும் சும்மா தூக்கிப் போட மாட்டாரு :-)

டயரை ரொம்ப நாள் உழைக்க வைக்கணும்தான், அதுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். ஆனா எப்போ போதும்னு விடணும்கிறதும் அந்தப் பராமரிப்புல சேத்திதான். ஊர்ல அம்மா அப்பா அதிகம் ஓட்டாம வச்சிருக்கிற வண்டி நம்மள்ல பல பேரு வீட்டுல நிக்குது. அடுத்த தடவை ஃபோன் பண்ணும்போது "சாப்டாச்சா"வுக்கு அப்புறம், அந்த நாலு நம்பரைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லச் சொல்லுங்க. ஒரு நிமிஷ வேலைதான்.

வர்ட்டா?