வலது பக்கம் இழுக்கும் வண்டி

மெக்கானிக்கல் படிச்சிட்டு ஐ.டி. கம்பெனியில பொட்டி தட்டுற கூட்டத்தில் நானும் ஒருத்தன். எங்கே தப்புன்னு தேடறதுதான் தினசரி வேலை. ஆனா அந்தத் தேடலை ரொம்ப ஒழுங்கா செஞ்சு நான் பார்த்த ஆள் எங்க ஆபீஸ்ல இல்ல. கீரனூர் பக்கம் லாரிப் பட்டறை வச்சிருக்கற ஒரு மேஸ்திரி.

புதுக்கோட்டை மாவட்டத்துல கல் குவாரிக்குப் பஞ்சமே இல்ல. குவாரி இருந்தா டிப்பர் இருக்கும். எங்க மாமாகிட்டயும் ஆறு சக்கர டிப்பர் ஒண்ணு இருக்கு, ஜல்லி அடிக்கறதுக்கு. அதோட டிரைவர் ஒரு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தாராம்: "வண்டி வலது பக்கம் இழுக்குது முதலாளி."

நாம சாலையில இடது பக்கம் போறவங்க. வலது பக்கம் இழுக்குதுன்னா எதிர்ல வர்ற பஸ்ஸைப் பார்த்து இழுக்குதுன்னு அர்த்தம். திருச்சி ரோட்டுல லோடோட போறப்ப அந்த ஸ்டியரிங்கை விடாம இடது பக்கம் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். ராத்திரி தோள்பட்டை வலியில தூக்கம் வர்றதில்லைன்னு சொன்னார்.

மாமா சும்மா இருக்கல. முன் டயர் ரெண்டையும் இடம் மாத்தினார், டை ராட் எண்ட் புதுசு போட்டார், அலைன்மென்ட் பார்த்தார். இழுக்கறது நிக்கல. ஒரு பட்டறையில ஸ்டியரிங் பாக்ஸே போச்சு, மாத்தணும்னுட்டாங்க. அது பெரிய செலவு. அதுக்கு நடுவுல மாமாவுக்கு வேற சந்தேகம்: "வண்டியில ஒண்ணுமில்லடா மாப்ள, இவன் தூக்கக் கலக்கத்துல ஓட்டறான். தீபாவளி முடியட்டும், வேற ஆள் பார்க்கணும்." போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப நிலவரம் இதுதான். கடைசியா ஒரு தடவை இந்த மேஸ்திரிகிட்ட காட்டலாம்னு போனோம், நானும் கூடப் போனேன்.

மேஸ்திரி வண்டியைத் தொடவே இல்ல. முதல்ல டிரைவர்கிட்ட கேள்வி.

"பிரேக் பிடிச்சா மட்டும் இழுக்குதா, எப்பவுமேவா?"

"எப்பவுமே அண்ணே."

"நேரா போறப்ப ஸ்டியரிங் நேரா நிக்குதா?"

"இல்லண்ணே, கொஞ்சம் இடது பக்கம் திரும்பித்தான் நிக்கும்."

ஒவ்வொரு பதிலும் ஒரு கதவை மூடுது பாருங்க. பிரேக் பிடிக்கறப்ப மட்டும் இழுத்தா, ஒரு பக்கம் பிரேக் கூடுதலா பிடிக்குதுன்னு அங்கே தேடலாம். எப்பவுமே இழுத்தா டயர், அலைன்மென்ட், ஆக்ஸில், இல்ல விடாம உரசுற பிரேக்.

அடுத்து காசு செலவில்லாத சோதனைகள். நாலு பக்கமும் காத்து அளந்தார். ஓடி வந்த சூடு ஆறுறதுக்குள்ள ஹப்புகிட்ட கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒண்ணு மட்டும் கொதிச்சா அங்கே பிரேக் உரசுது. முன் டயர் மேல உள்ளங்கையைக் குறுக்கே தடவினார். ஒரு திசையில வழவழப்பாவும் எதிர்த் திசையில அரம் மாதிரியும் இருந்தா டோ-இன் தப்பு. எல்லாம் சரியா இருந்துச்சு.

அப்புறம்தான் பின் சக்கரத்துக்குக் கட்டை வச்சு முன்பக்கத்தை ஜாக்கியில தூக்கி, டிராக் லிங்க்கை கழட்டினார். ஸ்டியரிங் பாக்ஸையும் சக்கரத்தையும் இணைக்கிற தண்டு அது. கழட்டிட்டா பிரச்சினை ரெண்டு பாதி ஆயிடும். சக்கரத்தைக் கையால திருப்பறப்ப இறுகினா கிங் பின் பக்கம். சக்கரம் லேசா திரும்பி, ஸ்டியரிங் மட்டும் இறுகினா பாக்ஸ் பக்கம். நாங்க ப்ரோக்ராம்ல பாதியை கமெண்ட் பண்ணிட்டு ஓட்டிப் பார்ப்போமே, அதேதான் :-) ரெண்டு பாதியும் லேசாத்தான் திரும்புச்சு. அப்போ பாக்ஸ் மேல குத்தமில்ல.

டிராக் லிங்க்கை மாட்டிட்டு, பட்டறை வாசல் மண்ணுல தண்ணி தெளிச்சு நேரா ஓட்டச் சொன்னார். பின் சக்கரத் தடம் முன் சக்கரத் தடத்தோட நேரா விழல. ரெண்டு இஞ்ச் இடது பக்கம் தள்ளி விழுந்திருந்துச்சு. நாய் ஓடற மாதிரி வண்டி குறுக்கா ஓடுது!

அப்புறம் டேப். முன் சக்கரத்தை நேரா நிறுத்தி, முன் ஹப் நடுவுலேர்ந்து பின் ஹப் நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்தார். வலது பக்கம் ஒரு இஞ்ச் குறைச்சல். யூ போல்ட் லூஸாகி, ஸ்பிரிங் பட்டையோட சென்டர் போல்ட் அறுந்திருக்கு. குவாரிப் பள்ளத்துலேர்ந்து லோடோட ஏறி ஏறி, பின் ஆக்ஸிலோட வலது முனை முன்னாடி நகர்ந்துடுச்சு. ஆக்ஸில் இடது பக்கம் பார்க்குது, வண்டியோட பின்பாகத்தை இடது பக்கம் தள்ளுது, மூக்கு வலது பக்கம் போகுது.

காலேஜ்ல படிச்ச அக்கர்மேன் படம் எனக்கு அங்கேதான் உசிரோட தெரிஞ்சுது. 1818-ல் குதிரை வண்டிக்காக லண்டன்ல காப்புரிமை வாங்கின அமைப்பு அது. திரும்பறப்ப முன் சக்கரம் ரெண்டோட அச்சுக் கோடும், பின் ஆக்ஸிலை நீட்டினா வர்ற கோட்டுல ஒரே புள்ளியில சந்திக்கணும். அதாவது ஸ்டியரிங் கணக்குல பின் ஆக்ஸிலும் ஒரு பங்காளி. பரீட்சையில அந்தப் படத்தை வரைஞ்சு மார்க் வாங்கினதோட சரி, பின் ஆக்ஸில் நகர்ந்தா என்ன ஆகும்னு யாரும் கேட்டதில்ல.

எனக்குப் பட்டது இதுதான். டிரைவர் கையில தெரியறது உண்மை. அது எங்கேர்ந்து வருதுங்கறது வேற விஷயம். மாமா, தப்பு கையில தெரியற இடத்துலயே இருக்கும்னு நம்பி முன்பக்கம் பூரா மாத்தினார். அங்கே கிடைக்காததும், சொன்ன ஆளையே சந்தேகப்பட்டார். மேஸ்திரி தலைகீழ். சொன்ன ஆளை முழுசா நம்பினார், இடத்தை மட்டும் சந்தேகப்பட்டார்.

சென்டர் போல்ட் சில நூறு ரூபாய்தான். ஆக்ஸிலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, யூ போல்ட்டும் புதுசு போட்டார். "நாலு லோடு ஓடினதும் யூ போல்ட்டை மறுபடி டைட் வைக்கணும், பட்டை அமுங்கி உட்காரும். அதை விட்டுட்டா இந்த போல்ட்டும் அறுந்துடும்"னு ரெண்டு தடவை சொன்னார்.

மாமா டிரைவர்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்கல. ஆனா வேற ஆள் பார்க்கற பேச்சு அதோட நின்னுடுச்சு. போன வாரம் போன்ல பேசினப்ப சொன்னார்: சனிக்கிழமை தவறாம அந்த டிரைவரே வண்டிக்கு அடியில படுத்து யூ போல்ட்டைத் தட்டிப் பார்க்கறாராம்.