கேட்கத் தயங்கிய கேள்வி



ராத்தாவின் அனுமதியைப் பெற்றே இதனை எழுதுகிறோம். எங்கள் வீட்டில் உம்மாவையும் சேர்த்துப் பெண்கள் நால்வர். எதையும் ஒளிக்காமல் பேசிக்கொள்பவர்கள் என்றே எங்களைப் பற்றி எண்ணியிருந்தோம். சென்ற ரமளானில் தராவீஹ் தொழுகையின் இடையிடையே ராத்தா எழுந்துபோய் மீண்டும் மீண்டும் உளூச் செய்து வந்தபோதுதான் ஏதோ சரியில்லை என்று உணர்ந்தோம். கேட்டதற்கு முதலில் மழுப்பினார்; பிறகு அழுதார்.

ஏழெட்டு மாதங்களாக அவருக்கு வெள்ளைப்படுதல் இருந்திருக்கிறது. அதில் மீன் வாடை போன்ற ஒரு வாடை. அருகில் நிற்பவருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி ஸஃப்பின் ஓரத்திலேயே நின்றிருக்கிறார். கணவர் தம்மைத் தவறாக நினைத்துவிடுவாரோ என்ற அச்சம் வேறு. ஒவ்வொரு தொழுகைக்கு முன்பும் சோப்பினாலும், சில நாள்களில் கிருமிநாசினி கலந்த நீராலும் உட்பகுதி வரை கழுவியிருக்கிறார். கழுவக் கழுவ வாடை கூடியது. வாடை கூடக்கூட மேலும் கழுவினார். அவரைக் கடிந்துகொள்ள எங்களுக்கு வாய் வரவில்லை. தூய்மை என்று எண்ணி நாங்களும் அதைத்தான் செய்துவந்தோம்; அளவில் மட்டுமே வேறுபாடு.

பெண் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அது பாக்டீரியல் வஜைனோசிஸ் என்றார். ஒழுக்கக்கேட்டின் அடையாளம் அன்று, மிகப் பரவலாகக் காணப்படுவது என்று அவர் சொன்னபோது ராத்தாவின் முகத்தில் ஏற்பட்ட மாற்றத்தை நாங்கள் மறக்கமாட்டோம்.

பெண்ணின் பிறப்புறுப்பினுள் லாக்டோபாசில்லஸ் என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஜெர்மானிய மருத்துவர் ஆல்பெர்ட் டோடெர்லைன் 1892ஆம் ஆண்டிலேயே இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். ஈஸ்ட்ரோஜன் சுரப்பினால் உட்சுவரில் கிளைகோஜன் என்னும் மாவுப்பொருள் சேர்கிறது. அதிலிருந்து கிடைப்பதை உண்டு இவை லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்விடத்தின் பி.எச். அளவு ஏறத்தாழ 3.8 முதல் 4.5 வரை இருப்பது அதனால்தான். அந்தப் புளிப்பில் தீய கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. சோப்பு அந்தப் புளிப்பைக் குலைக்கிறது; கிருமிநாசினியோ காவலர்களையே கொன்றுவிடுகிறது. அல்லாஹ் உள்ளே அமைத்து வைத்த காவலை நாங்கள் எங்கள் கைகளாலேயே அகற்றிக்கொண்டிருந்தோம்.

மெட்ரோனிடசோல் மாத்திரையை ஏழு நாள்களுக்கு எழுதிக் கொடுத்தார். இந்நோய் சில மாதங்களில் பலருக்குத் திரும்பிவிடுவதுண்டு என்பதையும் மறைக்கவில்லை. உம்மா தம் பங்குக்குத் தயிரைப் பரிந்துரைத்தார். நாங்களோ விலையுயர்ந்த புரோபயாடிக் மாத்திரைகளைப் பற்றிக் கேட்டோம். தயிர் நல்ல உணவு, தாராளமாக உண்ணுங்கள், ஆனால் உள்ளே தடவாதீர்கள் என்றார் மருத்துவர். தயிரில் இருப்பவை வேறு வகை நுண்ணுயிர்களாம். அமெரிக்காவில் 228 பெண்களிடம் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், மெட்ரோனிடசோல் சிகிச்சைக்குப் பின் லாக்டோபாசில்லஸ் கிரிஸ்பேட்டஸ் என்னும் வகை உள்ளே செலுத்தப்பட்டது. 12 வாரங்களுக்குள் அவர்களில் 30 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. வெற்று மருந்து பெற்றவர்களில் 45 சதவீதத்தினருக்குத் திரும்பியது. பயன் உண்டு, ஆனால் முழுத் தீர்வு அன்று. கடையில் கிடைக்கும் எல்லா மாத்திரைகளுக்கும் இது பொருந்தாது.

அரிப்புடன் தயிர்த்திரள் போல் வெள்ளைபட்டால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. அதற்கு மருந்து வேறு. கர்ப்பிணிகள் தாமதிக்கவே கூடாது.

மார்க்க ஐயத்தை ஓர் ஆலிமாவிடம் கேட்டோம். இது ஹைள் அன்று, ஆகவே தொழுகையை விடலாகாது. இஸ்தின்ஜாவில் வெளிப்பகுதியைக் கழுவினால் போதும், உட்பகுதியைக் கழுவ வேண்டியதில்லை என்றார். இடைவிடாமல் பட்டுக்கொண்டிருப்பவர், தொழுகை நேரம் வந்தபின் உளூச் செய்து தொழுதுகொள்ளச் சலுகை உண்டு. அப்போது ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்களை நினைவூட்டினார். நிற்காத இரத்தப்போக்கினால் தொழுகையை விடலாமா என்று அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே நேரில் வந்து கேட்டார்கள். நாங்களோ ஒரே வீட்டில், ஒரே ஸஃப்பில் நின்றுகொண்டு, எங்களுக்குள்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

ராத்தாவுக்கு இப்போது நலம், அல்ஹம்துலில்லாஹ். ஒருமுறை திரும்பியது, அன்றே சொல்லிவிட்டார்.

சில நாள்களுக்குப் பிறகு, இஷாத் தொழுகை முடிந்து முஸல்லாவை மடித்துக்கொண்டிருந்தபோது, அந்த மருத்துவர் எந்தெந்தக் கிழமைகளில் இருப்பார் என்று உம்மா மெல்லக் கேட்டார். யாருக்கு என்று கேட்டோம். மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளாகிவிட்டன, அன்று முதல் எரிச்சல் இருக்கிறது, இந்த வயதில் இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்றார்.