நீர் எங்கே போகிறது?

உப்புக்காற்று வீசும் காரைக்காலில் ஒருவர் பழைய மகிழுந்து ஒன்றை வாங்கினார். ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரி மருத்துவமனைக்குத் தம் தாயை மாதந்தோறும் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. வண்டியின் மேற்பூச்சு பளபளத்தது. விலையும் கைக்கு அடக்கமாக இருந்தது.

முதற்பயணத்தில், சீர்காழியை நெருங்கியபோது வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. சூடான மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிடும் என்பதால், எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டரில் நீர் ஊற்றினார். முள் இறங்கியது. அதன்பின் ஒவ்வொரு பயணத்திலும் இதுவே வழக்கமாயிற்று. பின்னிருக்கையில் தண்ணீர்க் கேன்கள் ஏறின. தாய் அமரும் இடம் குறுகியது.

ஊரிலுள்ள பட்டறைக்காரர், “ஊற்றிய நீர் எங்கே போகிறது?” என்று கேட்டார். எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்தார். சிலிண்டர் தலைக்கு அடியிலுள்ள கேஸ்கட் பழுதானால் நீர் எண்ணெயில் கலந்து, அதைப் பால் கலந்த தேநீர்போல் வெளுக்கச் செய்யலாம். எரியறைக்குள் நீர் புகுந்தால் வெண்புகை ஓயாது வரும். இங்கு எண்ணெய் வெளுக்கவில்லை, வெண்புகையும் இல்லை. ரேடியேட்டரின் அடிப்பகுதியில், உப்பு அரித்த இடத்தில் நீர் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது.

குறையை மறைப்பது வேறு, களைவது வேறு. இன்னும் சில பயணங்கள் அவ்வாறே சென்றிருந்தால் மிகுவெப்பத்தில் சிலிண்டர் தலை வளைந்திருக்கக்கூடும்; ரேடியேட்டரோடு முடிந்த செலவு எஞ்சின்வரை நீண்டிருக்கும். நடுவழியில் தாயும் தவித்திருப்பார்.

அடுத்த மாதம் பின்னிருக்கையில் கேன்கள் இல்லை. தாய் கால்நீட்டிச் சாய்ந்துகொண்டார். ஆயினும், அவ்வப்போது முள்ளைக் கவனித்தபடியே மகன் வண்டியைச் செலுத்தினார்.